வில் கேள்வி: விரல் முந்துகிறதே!

கேள்வி: குறி மையத்தைத் தொட்டதுமே, நான் நினைக்கும் முன்பே விரல் நாணை விட்டுவிடுகிறது. மான் வேட்டைக்கு உரிமம் வாங்கிவிட்டேன். 40 மீட்டரில் எய்யலாமா?

பதில்: இப்போதைக்கு வேண்டாம். வில்லாளிகள் இதை 'டார்கெட் பேனிக்' என்பார்கள். கைபலத்தால் தீராது, தேர்ந்த போட்டியாளர்களையே ஆட்டிவைத்திருக்கிறது. இலக்குத் தாளைக் கழற்றிவிடுங்கள். நாலு எட்டு தூரத்தில் வெறும் வைக்கோல் பொதி. பின்னால் யாருமில்லை என்று பார்த்துவிட்டு, குறியே பார்க்காமல் எய்யுங்கள். நாண் தாடையில் பதிவதும் முதுகுத்தசை இறுகுவதும்தான் கவனம். சலிப்பாக இருக்கும். சலிக்கட்டும், மருந்தே அதுதான்.

அப்புறம் வேட்டை. காம்பவுண்ட் வில்லின் (நுனிகளில் கப்பி வைத்த நவீன வில்) அம்பு நொடிக்குச் சுமார் 90 மீட்டர் போகும், ஒலியோ 340. 40 மீட்டரில் நாண் சத்தம் முந்திக்கொள்ளும். மிரண்ட மான் ஓடுவதற்காக உடலைத் தாழ்த்தும். நுரையீரலுக்கு விட்ட அம்பு முதுகில் ஏறும். காயத்தோடு ஓடுகிற மானைத் தேடி அலைவதை நான் வேட்டையில் சேர்ப்பதில்லை. அன்றைய முதல் அம்பே ஒரு சாப்பாட்டுத் தட்டுக்குள் தவறாமல் விழுகிற தூரம் எதுவோ, அதில் பாதிதான் என் கணக்கில் உங்கள் வேட்டைத் தூரம். அதுவும் விரல் சொன்னபடி கேட்ட பிறகு.