பேப்பர் போட வந்த இரண்டு பெண்கள்

கேள்வி: அமெரிக்காவில் கிறிஸ்டோபர் டோர்னர் என்ற முன்னாள் போலீஸ்காரன் 2013-இல் நான்கு பேரைச் சுட்டுக் கொன்றுவிட்டு மலை வீடு ஒன்றில் பதுங்கினான். போலீஸ் அவனை வீட்டோடு கொளுத்தியது. சரியான தண்டனை என்கிறேன் நான். என் நண்பரோ, கெட்டுப்போன போலீசை எதிர்த்து நின்ற வீரன் என்கிறார். போலீசைக் குறை சொல்பவர்கள் செத்துப்போன காவலர்களின் குடும்பங்களை நினைத்துப் பார்த்தது உண்டா? நீங்கள் யார் பக்கம்? (ஒரு வாசகர், திருப்பூர்)

பதில்: இரண்டு பேர் பக்கமும் இல்லை. மழுப்புவதற்காக இப்படிச் சொல்லவில்லை. நீங்களும் நண்பரும் எதிரெதிராக நின்றாலும் நடந்ததை ஒரே மாதிரிதான் பார்க்கிறீர்கள்: டோர்னருக்கும் போலீசுக்கும் பகை, அதில் யார் ஜெயிக்க வேண்டும் என்று. பகையில் ஒரு தரப்பாக ஆகக்கூடாத அமைப்பு போலீஸ். அந்த பிப்ரவரியில் அது ஒரு தரப்பாகிவிட்டது. என் கோபம் அதன்மேல்தான்.

முதலில் உங்கள் நண்பருக்கு. டோர்னர் லாஸ் ஏஞ்சல்ஸ் போலீசில் இருந்தவர். தனக்குப் பயிற்சி கொடுத்த அதிகாரி, மனநலம் குன்றிய ஒருவரைக் கைது செய்யும்போது உதைத்தார் என்று புகார் கொடுத்தார். புகார் பொய் என்று துறை முடிவு செய்து அவரை வேலையிலிருந்து நீக்கியது. சில வருடங்கள் கழித்துத் துப்பாக்கியோடு கிளம்பியவர் முதலில் சுட்டது அந்தப் பயிற்சி அதிகாரியை இல்லை. துறை விசாரணையில் தன் சார்பில் வாதாடிய ஓய்வுபெற்ற கேப்டனின் மகளையும், அவருக்கு நிச்சயமாகியிருந்த மாப்பிள்ளையையும் பிப்ரவரி 3-ஆம் தேதி இர்வைன் நகரில் காருக்குள் வைத்துக் கொன்றார். அந்தப் பெண் கல்லூரிக் கூடைப்பந்து அணியின் உதவிப் பயிற்சியாளர். அப்பா மேல் இருந்த கோபத்துக்கு மகளைக் கொன்றவரை வீரன் என்று சொல்ல உங்கள் நண்பருக்கு எப்படி மனம் வந்தது என்று தெரியவில்லை.

ஆனால் இணையத்தில் அவருக்கு ஆதரவாகப் பக்கங்கள் திறந்து ஆயிரக்கணக்கானோர் கூடியது சும்மா இல்லை. 1991-இல் ராட்னி கிங் என்ற கறுப்பினத்தவரை அடித்துத் துவைத்தது இதே லாஸ் ஏஞ்சல்ஸ் போலீஸ். அந்தக் காவலர்கள் மறுவருடம் விடுதலையானபோது நகரமே எரிந்து, ஐம்பதுக்கும் மேற்பட்டோர் செத்தார்கள். அதன் பிறகு ராம்பார்ட் சரகத்தில் காவலர்களே பொய் வழக்கு ஜோடித்தது அம்பலமானது. 2001 முதல் ஒரு மத்திய நீதிமன்றத்தின் கண்காணிப்பில் அந்தத் துறை இருந்தது. இதையெல்லாம் பார்த்து வளர்ந்தவர்களுக்கு, "செய்தது கொலைதான், ஆனால் துறையைப் பற்றிச் சொன்னது பொய்யாக இருக்காது" என்று தோன்றியது. இந்த நினைப்பை நான் குறை சொல்ல மாட்டேன். அதற்கு ஒரு அடி மேலே போய்க் கைதட்டியவர்களைத்தான் சொல்கிறேன்.

போலீஸ் தலைவர் சார்லி பெக் இதைப் புரிந்துகொண்டார். தேடுதல் நடந்துகொண்டிருக்கும்போதே டோர்னரின் பணிநீக்கக் கோப்பை மறுபடி திறந்து பார்ப்பதாக அறிவித்தார். கொலையாளியைச் சமாதானம் செய்ய அல்ல, மக்களுக்கு நம்பிக்கை கொடுக்க என்றார். மறு ஆய்விலும் பணிநீக்கம் சரி என்றே முடிவானது. முடிவு எதுவானாலும், அந்த நேரத்தில் அப்படி அறிவிக்கத் துணிச்சல் வேண்டும்.

இப்போது உங்களுக்கு. டோர்னரின் தலையில் இருந்த குண்டு அவரே சுட்டுக்கொண்டது என்று பிரேதப் பரிசோதனை சொன்னது. ஆகவே "வீட்டோடு கொளுத்தியது" என்ற உங்கள் வாக்கியம் பாதிதான் சரி. வீடு எரிந்தது உண்மை, எரிய ஆரம்பித்தது போலீஸ் போட்ட கண்ணீர்ப்புகைக் குண்டுகளால் என்பதும் உண்மை.

பிப்ரவரி 12-ஆம் தேதி, சான் பெர்னார்டினோ மலைக்காட்டில் டோர்னர் அந்த வீட்டுக்குள் நுழைந்ததும் சண்டை மூண்டது. ஷெரீஃப் (மாவட்டப் போலீஸ் தலைவர்) அலுவலகக் காவலர் ஒருவர் செத்தார், இன்னொருவர் மோசமாகக் காயம்பட்டார். வெளியே வரச் சொல்லி ஒலிபெருக்கியில் கூப்பிட்டார்கள், பதில் இல்லை. சாதாரணக் கண்ணீர்ப்புகையைப் போட்டார்கள், கவச வண்டியால் சுவர்களைப் பிய்த்தார்கள். அப்புறம்தான் உள்ளே எரிந்து சூட்டோடு புகை கக்கும் வேறு வகைக் குண்டுகளைப் போட முடிவெடுத்தார்கள். போலீஸ் பேச்சுவழக்கில் அவற்றுக்கு 'பர்னர்' என்று பெயர். ஏழு பர்னர் போட்டாயிற்று, தீப்பிடித்துவிட்டது என்று ரேடியோவில் சொன்னதை ஊரே கேட்டது. வீட்டைக் கொளுத்து என்று ஒரு குரல் வசவோடு கத்தியதும் தொலைக்காட்சி நேரலையில் கேட்டது. வேண்டுமென்று எரிக்கவில்லை என்றார் ஷெரீஃப் ஜான் மெக்மேன்.

அவர் பக்க நியாயத்தை நான் தள்ளிவிடவில்லை. சுற்றிலும் காடு, பனி, இருட்டப்போகிற நேரம், கூட நின்றவர் செத்துக் கிடக்கிறார், உள்ளே இருப்பவர் குறி தவறாதவர். இருட்டில் நழுவினால் இன்னும் யார் சாவார்கள் என்று தெரியாது. ஆனால் வீடு முற்றுகையில் இருந்தது. அந்த மாதிரி நேரத்தில் போலீஸ் கையில் இருக்கும் பெரிய ஆயுதம் பொறுமை. தீப்பிடிக்கும் என்று தெரிந்த குண்டைக் கையில் எடுத்த பிறகு, எரிக்கும் எண்ணமே இல்லை என்று சொன்னால் பாதிப் பேர் நம்ப மாட்டார்கள்.

நம்பாததற்குப் பழைய காரணமும் உண்டு. 1993-இல் டெக்சாஸ் மாநிலம் வேகோவில் ஆயுதம் தாங்கிய ஒரு மதக் குழுவை 51 நாள் முற்றுகையிட்டார்கள். கடைசி நாள் தீயில் குழந்தைகள் உட்பட எழுபதுக்கும் மேற்பட்டோர் செத்தார்கள். நெருப்புக் கக்கும் குண்டு எதையும் நாங்கள் போடவில்லை என்று ஆறு வருடம் சொல்லிவந்த எஃப்.பி.ஐ., 1999-இல் அன்று காலை அப்படிப்பட்ட சில குண்டுகளைப் போட்டதாக ஒப்புக்கொண்டது. அரசு தீ வைக்கவில்லை என்று பிறகு ஒரு தனி விசாரணை சொன்னது. அதற்குள் நம்ப வேண்டியவர்கள் நம்பிக்கை இழந்துவிட்டார்கள். மெக்மேன் உண்மையே சொல்லியிருக்கலாம். வேகோவில் மறைத்ததற்கான விலையையும் சேர்த்து அவர் கொடுக்க வேண்டியிருந்தது.

காவலர்களின் குடும்பங்களைப் பற்றிக் கேட்டீர்கள், நல்ல கேள்வி. ரிவர்சைடு நகரில் டோர்னர் சுட்டுக் கொன்ற காவலர் மைக்கேல் கிரெய்ன், மலை வீட்டுச் சண்டையில் செத்த காவலர் ஜெரமையா மெக்கே. இருவருமே சின்னக் குழந்தைகளின் தகப்பன்கள். டோர்னர் உயிரோடு பிடிபட்டிருந்தால் அந்த இரண்டு மனைவிகளும், இர்வைனில் மகளைப் பறிகொடுத்த அப்பாவும் நீதிமன்றத்தில் அவர் முகத்தைப் பார்த்துப் பேசியிருக்கலாம், ஏன் என்று கேட்டிருக்கலாம். அந்த வாய்ப்பு அவர்களுக்குக் கிடைக்காமல் போனதைக் கொண்டாடினால் அவர்களுக்கு எந்த மரியாதையும் சேராது.

நீங்களும் நண்பரும் சொல்லாமல் விட்ட ஒன்று இருக்கிறது. என்னைப் பொறுத்தவரை இந்த விவகாரம் முழுக்க அதில்தான் அடங்கியிருக்கிறது.

பிப்ரவரி 7-ஆம் தேதி விடிவதற்கு முன், டாரன்ஸ் நகரில் ஒரு தெரு. டோர்னர் பழிவாங்க வேண்டியவர்கள் என்று தன் பட்டியலில் குறித்திருந்த ஒரு போலீஸ் அதிகாரியின் வீட்டுக்குக் காவல் நின்ற லாஸ் ஏஞ்சல்ஸ் காவலர்கள், மெதுவாக வந்த பிக்கப் வண்டி ஒன்றை நோக்கிச் சுட்டார்கள். மொத்தம் 103 குண்டுகள். வண்டியில் இருந்தவர்கள் வீடு வீடாகப் பேப்பர் போட்டுக்கொண்டிருந்த ஒரு தாயும் மகளும். தாய்க்கு 71 வயது, முதுகில் குண்டு பாய்ந்தது. இருவரும் பிழைத்தது தெய்வச் செயல். டோர்னரின் வண்டி நிசான், இவர்களுடையது டொயோட்டா. நிறமும் வேறு. டோர்னர் பருத்த உடம்புள்ள கறுப்பின ஆண். இவர்கள் இரண்டு பெண்கள். கொஞ்ச நேரத்தில் பக்கத்திலேயே வேறொரு பிக்கப்பை டாரன்ஸ் போலீஸ் இடித்து நிறுத்திச் சுட்டது. அதில் இருந்தவர் கடலில் அலைச்சறுக்கு விளையாடப் போன ஒரு வெள்ளைக்காரர்.

அடுத்த நாட்களில் கலிஃபோர்னியாவில் சிலர், "நான் டோர்னர் இல்லை, சுடாதீர்கள்" என்று எழுதித் தங்கள் வண்டிகளில் ஒட்டிக்கொண்டார்கள். சிலருக்கு அது வேடிக்கை. எனக்கு அது ஒரு நகரம் தன் போலீசிடம் உயிருக்குக் கெஞ்சியதாகவே படுகிறது. டோர்னர் செத்த சில நாளில் போலீஸ் தலைமையகத்தின் முன் சில டஜன் பேர் கூடினார்கள். கொலைகளை நாங்கள் ஆதரிக்கவில்லை, போலீஸ் நடந்துகொண்ட விதத்தைத்தான் எதிர்க்கிறோம் என்றார்கள். இத்தனை கூச்சலில் எனக்குச் சரியாகப் பட்ட குரல் அவர்களுடையதுதான்.

ஆளை மாற்றிச் சுட்டுவிட்டார்கள், தவறு நடப்பதுதானே என்பீர்கள். தவறு அது மட்டும் இல்லை. எந்த எச்சரிக்கையும் கொடுக்காமல் சுட்டார்கள் என்று அந்தப் பெண்களின் வழக்கறிஞர் சொன்னார். அப்படியானால், வண்டியில் டோர்னரே இருந்திருந்தாலும் அவர்கள் செய்யப்போனது கைது இல்லை. நம் ஆட்களைக் கொன்றவன், கண்டதும் முடித்துவிடு என்ற வெறி. நீங்கள் "சரியான தண்டனை" என்று சொல்வது இந்த வெறிக்குத்தான். அது முதலில் போய்ப் பாய்ந்தது விடியற்காலையில் வயிற்றுப்பாட்டுக்கு உழைத்த ஒரு கிழவியின் முதுகில்.

லாஸ் ஏஞ்சல்ஸ் மாநகராட்சி அந்த இருவருக்கும் 42 லட்சம் டாலர் கொடுத்தது. ஊர் மக்களின் வரிப்பணம். சுட்ட எட்டுப் பேரும் துறை விதிகளை மீறியதாக 2014-இல் பெக்கே முடிவு சொன்னார், மறுபயிற்சிக்கு அனுப்பினார். வண்டியில் டோர்னர் இருப்பதாக அவர்கள் உண்மையிலேயே நம்பினார்கள், நம்பிக்கைதான் தவறிவிட்டது என்று சொல்லி 2016-இல் மாவட்ட அரசு வழக்கறிஞர் அவர்கள்மேல் வழக்குப் போட மறுத்துவிட்டார்.