நிற்பதும் நிலைப்பதும் – கடிதம்

அன்புள்ள ஐயா,

மதுரை விளக்குத்தூண் அருகே எங்கள் குடும்பத்தின் ஜவுளிக் கடை இருக்கிறது. அப்பா காலத்தில் சேர்ந்து 38 ஆண்டுகளாகக் கணக்கு எழுதிவரும் பெரியவருக்குத் தைப்பொங்கலன்று ஒரு கேடயம் வழங்க இருக்கிறோம். அதில் பொறிக்க ஆங்கிலத்தில் 'லாங்-ஸ்டாண்டிங் அக்கவுண்டன்ட்' என்று எழுதித் தந்தேன். "நெடுநேரம் நிற்கிறவர் என்றல்லவா ஆகிறது" என்று தம்பி சிரித்துவிட்டான். 'லாங்-டைம்' என்று மாற்ற வேண்டுமா?

ஒரு வாசகர், மதுரை

அன்புள்ள நண்பருக்கு,

மாற்றிவிடுங்கள். ஆனால் தம்பி சொன்ன காரணம் சரியில்லை. ஒன்று எவ்வளவு காலமாக இருந்துவருகிறது என்பதைக் குறிக்கும் பெயர்ச்சொல்லாகவே 'ஸ்டாண்டிங்' ஆங்கிலத்தில் வழங்குகிறது. 'எ ஃப்ரெண்ட் ஆஃப் லாங் ஸ்டாண்டிங்' என்பது இன்றும் பிழையற்ற, எனக்கு மிகவும் பிடித்த தொடர். தமிழிலும் நில் என்னும் ஒரே வேரிலிருந்துதான் நிற்றலும் நிலைத்தலும் வருகின்றன. 'அவர் பேர் நிற்கும்' என்று நம் ஊரில் சொன்னால் யாரும் கால்களை நினைப்பதில்லை.

'லாங்-ஸ்டாண்டிங்' என்னும் அடைமொழி நன்றாகப் பொருந்துவது நட்பு, வழக்கம், உடன்பாடு, தகராறு போன்றவற்றோடுதான். வைகைப் பாசனத்துக்குத் தண்ணீர் தரும் முல்லைப் பெரியாறு அணையையே எடுத்துக்கொள்ளுங்கள். அதைப் பற்றித் தமிழ்நாட்டுக்கும் கேரளத்துக்கும் இடையே பல பத்தாண்டுகளாகத் தீராதிருக்கும் தகராறு 'லாங்-ஸ்டாண்டிங்'. அணைக்காக 1886இல் 999 ஆண்டுகளுக்கு எழுதப்பட்ட குத்தகையோ 'லாங்-டெர்ம்', ஏனெனில் அதன் காலம் கையெழுத்திட்ட அன்றே வரையறுக்கப்பட்டுவிட்டது. முன்னது இதுவரை கடந்துவந்த காலத்தைச் சொல்கிறது, பின்னது இனி வரப்போகும் காலத்தை.

ஒரு பொறுப்பை நெடுநாளாக வகிக்கும் மனிதருக்கு 'லாங்-டைம்' இயல்பானது. 'லாங்-ஸ்டாண்டிங் மெம்பர்' என்றும் எழுதுகிறார்கள், அதைத் தவறென்று சொல்ல மாட்டேன். உறுப்பினர் என்னும் சொல்லுக்குள்ளேயே ஓர் அமைப்போடு உள்ள பிணைப்பு இருப்பதால் அங்கே அது உறுத்துவதில்லை. கணக்குப்பிள்ளை என்பது தொழிற்பெயர், அதனால்தான் தயங்குகிறேன். 'ஓல்ட்' மட்டும் வேண்டாம்: முதியவர் என்றோ முன்பு வேலை பார்த்துப் போனவர் என்றோ படிக்க இடமுண்டு.

'லாங்-டைம்' பெயர்ச்சொல்லுக்கு முன்னால் மட்டுமே வரும், வாக்கியத்தின் முடிவில் பயனிலையாக நிற்காது. பிரிட்டிஷ் வழக்கில் நடுவே சிறுகோடு உண்டு, அமெரிக்க வழக்கில் ஒரே சொல்லாகச் சேர்த்தெழுதுவார்கள். இரண்டில் எதுவானாலும் சரி. பொறிப்பவர் இடைவெளி விட்டு இரு சொற்களாக ஆக்கிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள் கடிதத்தை மறுபடி படித்தபோது, அவருடைய வேலையைக் காட்டிலும் அவர் உங்கள் வீட்டோடு கொண்ட உறவைத்தான் சொல்ல நினைத்தீர்கள் என்று பட்டது. அப்படியானால் 'ஹிஸ் லாங்-ஸ்டாண்டிங் அசோசியேஷன் வித் அவர் ஃபேமிலி' என்று எழுதுங்கள்; நீங்கள் முதலில் தேர்ந்த சொல் அங்கே முழுப் பொருத்தத்தோடு அமையும். மேலே தமிழிலும் ஒரு வரி இருக்கட்டும். 'நாட்பட்ட' என்றால் நோயின் நினைவு வரும், 'எங்கள் நெடுநாளைய கணக்குப்பிள்ளை' என்றே பொறியுங்கள். அவர் சேர்ந்த ஆண்டையும் போட மறக்க வேண்டாம்.

அன்புடன்