கறிவேப்பிலை இருக்கட்டும், சிறுநீரைப் பாருங்கள்

கேள்வி: வயது 49. என் அக்கா மார்பகப் புற்றுநோயில் இறந்து ஒரு வருடம் ஆகிறது. அதிலிருந்து ஆன்டிஆக்ஸிடன்ட் உள்ளதாகப் பார்த்துச் சாப்பிடுகிறேன். கறிவேப்பிலையைத் தாளித்தால் சத்து போய்விடுமாமே? தினமும் கிராம்பு மென்றால் வயிறு புண்ணாகுமா? நல்லமிளகுச் சத்து சேர்த்த மஞ்சள் மாத்திரையும் இரண்டு மாதமாக எடுக்கிறேன். இப்போது உள்ளங்கை அரிக்கிறது, பசியில்லை, சிறுநீர் கட்டன்சாயா நிறத்தில் போகிறது. நச்சு வெளியேறுவதால்தான் இப்படி என்று வீடியோவில் சொன்னார்கள். சரிதானா?
- வாசகி, குலசேகரம்

பதில்: மாத்திரையை இன்றைக்கே நிறுத்துங்கள். நாளை காலையில் ரத்தம் கொடுத்துக் கல்லீரல் பரிசோதனை செய்துவிடுங்கள்.

நச்சும் இல்லை, ஒன்றும் இல்லை. நீங்கள் சொல்லும் மூன்றும் சேர்ந்து வந்தால் முதலில் சந்தேகப்பட வேண்டியது மஞ்சள் காமாலையை. பிலிருபின் என்ற மஞ்சள் நிறக் கழிவுப்பொருள் ரத்தத்தில் கூடிச் சிறுநீரில் இறங்கும்போது அந்த நிறம் வரும். தண்ணீர் குறைந்தாலும் சிறுநீர் அடர்ந்துதான் போகும், ஆனால் நன்றாகக் குடித்தால் தெளிந்துவிடும். உங்களுக்குத் தெளிகிறதா? முற்றத்தில் பகல் வெளிச்சத்தில் நின்று, கண்ணின் வெள்ளையை யாரையாவது பார்க்கச் சொல்லுங்கள். டியூப்லைட்டில் பார்த்தால் லேசான மஞ்சள் தெரியாது. மலம் வெளுத்துப் போகிறதா என்றும் கவனியுங்கள்.

மஞ்சளா கல்லீரலைக் கெடுக்கும் என்று கேட்பீர்கள். மீன் குழம்புக்கு அரைக்கிற மஞ்சளை நான் சொல்லவில்லை. மஞ்சள்தூளில் குர்குமின் என்ற மூலப்பொருள் நூற்றுக்கு மூன்று பங்கு போலத்தான் இருக்கும். அரை டீஸ்பூனில் 50 மில்லிகிராம் தேறினால் அதிகம், அதிலும் பெரும்பகுதி ரத்தத்தில் சேராது. மாத்திரைகளில் 500 மில்லிகிராம் வரை இருக்கிறது, போதாததற்கு நல்லமிளகிலிருந்து எடுத்த பைப்பரின் வேறு. 1998-இல் வெளிவந்த பெங்களூர் ஆய்வில், 20 மில்லிகிராம் பைப்பரின் சேர்த்தபோது உடலுக்குள் போன குர்குமின் 20 மடங்கு கூடியது. விளம்பரக்காரர்கள் இதைப் பெருமையாகச் சொல்கிறார்கள். அவ்வளவையும் கையாள வேண்டியது உங்கள் கல்லீரல். இத்தகைய மாத்திரைகளால் கல்லீரல் அழற்சி வந்தவர்கள் இத்தாலியிலும் அமெரிக்காவிலும் பதிவாகியிருக்கிறார்கள். எல்லோருக்கும் வராது. வந்தாலும், நிறுத்தினால் பெரும்பாலோருக்குச் சரியாகிவிடும்.

மாத்திரைதான் காரணம் என்று நானும் முடிவுகட்டவில்லை. வைரஸால் வரும் ஹெபடைடிஸ் இருக்கலாம், பித்தக்கல் அடைத்திருக்கலாம். காய்ச்சலும் கெண்டைக்கால் வலியும் இருந்தால் எலிக்காய்ச்சலையும் பார்க்க வேண்டும். அதனால் வயிற்று ஸ்கேனும் எடுங்கள். மாத்திரை டப்பாவைக் கையோடு கொண்டு போங்கள். கீழாநெல்லியை அரைத்துக் குடித்துப் பத்து நாள் பார்ப்போம் என்று மட்டும் இருந்துவிடாதீர்கள். விடாத வாந்தி, மந்தமான தூக்கம், பேச்சில் தடுமாற்றம், ஈறில் ரத்தம், இதில் ஏதாவது ஒன்று வந்தாலும் லேப் ரிப்போர்ட்டுக்குக் காத்திராமல் நேரே ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரிக்குப் போய்விடுங்கள்.

அப்புறம், சமையலறை. கறிவேப்பிலையைத் தாராளமாகத் தாளியுங்கள். சூட்டில் கொஞ்சம் வைட்டமின் குறையும், ஆனால் அதிலுள்ள கரோட்டின் எண்ணெயோடு போனால்தான் நன்றாகச் சேரும். இலையைத் தட்டின் ஓரத்தில் ஒதுக்காமல் மென்று தின்றால் சரி. கிராம்பு ஒன்றிரண்டு மெல்வதில் பயமில்லை. நம் மாறாமலைக் கிராம்பில், அதன் காரத்துக்கும் மணத்துக்கும் காரணமான யூஜினால் நிறையவே உண்டு. ஆனால் கிராம்பு எண்ணெயைச் சொட்டுவிட்டுக் குடிக்காதீர்கள், அதுவும் கல்லீரலுக்கு ஆகாது. எதில் எத்தனை ஆன்டிஆக்ஸிடன்ட் என்று சுற்றிவருகிற பட்டியல்களை மறந்துவிடுங்கள். சோதனைக்குழாயில் வந்த எண் உடலுக்குள் என்ன செய்யும் என்பதைச் சொல்லாது என்றுதான் அமெரிக்க வேளாண் துறை 2012-இல் தன் பட்டியலையே எடுத்துவிட்டது.

சரி, நீங்கள் நேராகக் கேட்காத கேள்விக்கு வருகிறேன். அக்காவுக்கு வந்தது எனக்கும் வருமோ என்பதுதானே? மாத்திரை அதைத் தடுக்கும் என்பதற்கு ஆதாரம் இல்லை. பின்லாந்தில் புகைபிடிக்கும் ஆண்களுக்கு, ஆன்டிஆக்ஸிடன்ட் என்று பெயர் பெற்ற பீட்டா கரோட்டினை மாத்திரையாகக் கொடுத்துப் பார்த்தார்கள். 1994-இல் முடிவு வந்தபோது நுரையீரல் புற்றுநோய் குறையவில்லை, 18 சதவீதம் கூடியிருந்தது. உங்களுக்கு வேண்டியது மேமோகிராம், அதாவது மார்பக எக்ஸ்ரே. கல்லீரல் விஷயம் தெளிந்ததும் எடுத்துவிடுங்கள். அக்காவுக்கு எந்த வயதில் வந்தது என்பதை மருத்துவரிடம் மறக்காமல் சொல்லுங்கள். 50 வயதுக்கு முன்பே வந்திருந்தால், மரபணுப் பரிசோதனை தேவையா என்றும் கேளுங்கள். அக்காவுக்கு மகள்கள் இருந்தால் அவர்களுக்கும் அது பயன்படும்.