இன்டர்ன்ஷிப்புக்குப் போனால் உதவித்தொகை நின்றுவிடுமா?

மீன்பிடித் தடைக்காலம் நெருங்கும்போதுதான் இந்தக் கேள்விகள் அதிகமாக வரும். படகு கரையில் கட்டப்படும், வீட்டில் கையிருப்பு கரையும், அதே நேரம் பார்த்துக் கல்லூரியில் "இன்டர்ன்ஷிப் சான்றிதழ் எங்கே?" என்பார்கள். இத்தனை வருடமும் மாணவர்களின் உதவித்தொகை விண்ணப்பங்களைச் சரிபார்த்துக் கையெழுத்துப் போட்டவன் என்ற உரிமையில் ஐந்து பேருக்குப் பதில் எழுதுகிறேன்.

பி.எஸ்சி. விலங்கியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். மே மாதம் 30 நாள் இன்டர்ன்ஷிப் முடிக்க வேண்டும். மண்டபம் ஊரில் மீன்வரத்து பற்றிச் செய்ய ஆசை. அப்பா விசைப்படகில் போகிறவர். தடைக்காலத்தில் அவருக்கு வேலை இருக்காது. நான் கடை வேலைக்குப் போனால்தான் அடுத்த செமஸ்டர் செலவைச் சமாளிக்க முடியும். எதை விடுவது?
– மாணவி, தங்கச்சிமடம்

எதையும் விட வேண்டாம் அம்மா. ஆனால் தலைப்பை மாற்றியே ஆக வேண்டும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போகாது. 2017க்கு முன்பு தடை 45 நாள்தான், மே கடைசியில் படகுகள் கிளம்பிவிடும். இப்போது உங்கள் மே மாதம் முழுவதும் இறங்குதளம் வெறிச்சென்று கிடக்கும். வீட்டிலேயே தெரிந்த விஷயம்தான், ஆனால் கல்லூரியில் தலைப்பு எழுதிக் கொடுக்கும்போது நம் பிள்ளைகள் இதை மறந்துவிடுகிறார்கள். வெளியூரிலிருந்து வந்த ஆசிரியருக்கு நீங்கள்தான் எடுத்துச் சொல்ல வேண்டும்.

நாட்டுப்படகுக்குத் தடை இல்லை. நண்டு வலை, கணவாய், கரைக்கு வரும் சில்லறை மீன் எல்லாம் அந்த மாதத்திலும் ஏலத்துக்கு வரும். விசைப்படகு நிற்கும்போது நாட்டுப்படகு மீனின் அளவும் இனமும் விலையும் எப்படி மாறுகின்றன என்று தினமும் குறித்து வைத்தால், அதுவே நல்ல தலைப்பு. மண்டபத்திலேயே செய்ய வேண்டும் என்றால், மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் மையத்தில் குஞ்சுப் பொரிப்பகப் பணியைக் கேளுங்கள். 2010இல் கடல்விரால் மீனை அங்கேதான் இனப்பெருக்கம் செய்ய வைத்தார்கள். தொட்டியில் வளரும் மீனுக்குத் தடைக்காலம் கிடையாது. ஆனால் மே மாத இடத்துக்கு ஜனவரியிலேயே துறைத்தலைவரின் கடிதத்தோடு விண்ணப்பம் போய்விட வேண்டும். ஏப்ரலில் எழுதிவிட்டு, பதில் வரவில்லை என்று அழுத பிள்ளைகளை நிறையப் பார்த்திருக்கிறேன்.

அடுத்தது வேலை. உங்கள் கல்லூரி நாளைக் கணக்கிடுகிறதா, மணியைக் கணக்கிடுகிறதா என்று கேளுங்கள். பல்கலைக்கழக மானியக் குழுவின் கணக்கில் இன்டர்ன்ஷிப்புக்கு ஒரு கிரெடிட் (பட்டத்துக்குச் சேர்க்க வேண்டிய புள்ளி) என்பது 30 மணி நேரம், நான்கு கிரெடிட் என்றால் 120. தினம் நான்கு மணி நேரம் வீதம் 30 நாளில் முடிந்துவிடும். விடியற்காலை ஏலக்கரை, பத்து மணிக்கு மேல் கடை. இந்த நேர அட்டவணையை எழுதி, துறைத்தலைவரிடம் முன்கூட்டியே கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். வாய்ச்சொல் அனுமதி ஜூலையில் யாருக்கும் நினைவிருக்காது.

ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்திருந்தால் புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1000 ரூபாய் உங்களுக்கு உண்டு. வேறு உதவித்தொகை வாங்கினாலும் இதையும் வாங்கலாம். வீட்டிலிருந்தே போய்வரும் தூரத்தில் இன்டர்ன்ஷிப் இருந்தால் பாம்பன் பாலம் தாண்டும் பஸ் செலவுக்கும் மதியச் சாப்பாட்டுக்கும் அந்தப் பணம் பெரிய துணை.

கீழக்கரைப் பக்கம் பொறியியல் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். முதல் பட்டதாரி கட்டணச் சலுகை வாங்குகிறேன், கல்விக் கடனும் இருக்கிறது. சென்னையில் ஒரு நிறுவனம் ஆறு மாத இன்டர்ன்ஷிப் தருகிறது, மாதம் 12,000. போனால் சலுகையும் கடனும் பாதிக்குமா?
– மாணவர், பெரியபட்டினம்

தம்பி, இது பாடத்திட்டத்துக்கு உள்ளே வருகிறதா, வெளியே நிற்கிறதா என்பதுதான் எல்லாவற்றையும் தீர்மானிக்கும். அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021 ரெகுலேஷனில் (பாடத்திட்ட விதிமுறையில்) எட்டாம் செமஸ்டர் என்பதே புராஜெக்ட் அல்லது இன்டர்ன்ஷிப்தான். நிறுவனம் முன்னதாகவே கூப்பிட்டால், ஏழாம் செமஸ்டரில் இன்டர்ன்ஷிப்புக்குப் போய்விட்டு, அந்தப் பாடங்களை எட்டாம் செமஸ்டரில் படிக்கவும் வழி இருக்கிறது. அப்படிப் போனால் நீங்கள் அப்போதும் முழுநேர மாணவர்தான். சலுகையும் கடனும் அறுந்துபோகக் காரணமில்லை. கல்லூரியின் அனுமதிக் கடிதம் மட்டும் கையில் இருக்க வேண்டும். அந்தக் கடிதம் இல்லாமல் ஆறு மாதம் சென்னையில் இருந்தால், கல்லூரிப் பதிவேட்டில் அது வெறும் ஆப்சென்ட்.

ஆகவே ஆறாம் செமஸ்டருக்குள் அரியர் ஒன்றும் மிஞ்சக் கூடாது. சென்னையில் வேலை பார்த்துக்கொண்டே கீழக்கரையில் அரியர் எழுத வந்துபோவது பணத்தையும் தின்னும், மதிப்பெண்ணையும் தின்னும்.

வங்கியில் படிப்புக் காலமும் அதன்பின் ஓராண்டும் தவணை கட்ட வேண்டியதில்லை. வட்டி மட்டும் ஏறிக்கொண்டிருக்கும். குடும்ப வருமானம் ஆண்டுக்கு 4.5 லட்சத்துக்குள் இருந்தால், அந்தக் கால வட்டியை மத்திய அரசின் வட்டி மானியத்தில் கேட்கலாம். இடையில் படிப்பை நிறுத்தியவருக்கு அந்த மானியம் கிடையாது என்பதை அடிக்கோடிட்டுக்கொள்ளுங்கள்.

இன்னொன்று, இதைப் பலர் அடிபட்ட பிறகுதான் கற்றுக்கொள்கிறார்கள். சென்னைக்குப் போனதும் நிறுவனம் புது வங்கிக் கணக்குத் திறக்கச் சொல்லும். அங்கே ஆதார் எண்ணை அரசுப் பணம் பெறும் கணக்காக இணைத்துவிட்டால், அதன்பின் அரசு அனுப்பும் எந்த உதவியும் புதுக் கணக்குக்கே போகும். ஊரில் பழைய பாஸ்புக்கை நீட்டிக்கொண்டு அம்மா வங்கி வாசலில் நிற்பார். என் மாணவன் ஒருவனுக்கு இரண்டு தவணை எங்கே போனதென்றே பல மாதம் தெரியவில்லை. புதுக் கணக்கில் சம்பளம் மட்டும் வரட்டும். ஆதார் வழிப் பணம் பழைய கணக்கிலேயே இருக்கட்டும் என்று படிவத்திலேயே சொல்லிவிடுங்கள்.

12,000 ரூபாயில் அறை வாடகை, சாப்பாடு, பஸ் போக என்ன மிஞ்சும் என்று போட்டுப் பாருங்கள். மிஞ்சாவிட்டாலும் தொழில் கற்றுக்கொடுக்கும் இடம் என்றால் நான் போகச் சொல்வேன்.

பி.காம். கடைசி ஆண்டு, வயது 21. பிரதமர் இன்டர்ன்ஷிப் திட்டத்தில் மாதம் 5000 தருகிறார்களாமே, இப்போதே சேரலாமா?
– தொண்டி

2024இல் தொடங்கிய முன்னோட்ட விதிப்படி அது முழுநேரம் படிப்பவர்களுக்கு அல்ல. வயது 21 முதல் 24, காலம் 12 மாதம். பட்டம் முடித்துவிட்டு, அப்போது அமலில் இருக்கும் அறிவிப்பைப் படித்து விண்ணப்பியுங்கள். கல்லூரி கேட்கும் இன்டர்ன்ஷிப் வேறு, இது வேறு.

நான் கடல்பாசி எடுக்கப் போறவ. மக பி.எஸ்சி. கணினி படிக்கிறா. ஆன்லைன்ல ஒரு கம்பெனி 6000 ரூபா கட்டினா இன்டர்ன்ஷிப் சர்டிபிகேட் உடனே தர்றோம்னு சொல்லுதாம். கட்டலாமா ஐயா?
– ஒரு தாய், பாம்பன்

கட்டாதீங்க அம்மா. மார்பளவு தண்ணியில முங்கி, பாறையில கையைக் கிழிச்சுச் சேர்த்த காசு அது. இன்டர்ன்ஷிப் என்றால் வேலை செய்கிற பிள்ளைக்கு அவர்கள் கொடுக்க வேண்டும், அல்லது சும்மாவாவது கற்றுத்தர வேண்டும். பணம் வாங்கிக்கொண்டு தரும் காகிதத்தை நாளைக்கு வேலைக்கு எடுப்பவர் இரண்டு கேள்வி கேட்டால் பிள்ளை பதில் சொல்ல முடியாமல் நிற்கும்.

நான் முதல்வன் திட்டத்தில் கணினிப் பயிற்சிகள் கல்லூரி வழியாகக் கட்டணமில்லாமல் கிடைக்கின்றன. கல்லூரியில் அதற்குப் பொறுப்பான ஆசிரியரை மகள் பார்க்கட்டும். பாம்பன், மண்டபத்திலேயே மீன் ஏற்றுமதி செய்யும் இடங்கள், ஐஸ் கம்பெனிகள், பாசி வாங்கும் வியாபாரிகள் இருக்கிறார்கள். பலர் இன்னும் நோட்டில்தான் கணக்கு எழுதுகிறார்கள். உங்களிடம் பாசி வாங்குபவரின் எடையையும் பட்டுவாடாவையும் கணினியில் ஏற்றும் சிறு மென்பொருள் ஒன்றை மகள் ஒரு மாதத்தில் செய்துகொடுத்தால், அவர் கையெழுத்திட்ட கடிதமே சான்றிதழ். கல்லூரி அதை ஏற்குமா என்று முதலில் எழுதிக் கேட்டுவிட வேண்டும்.

அப்பாவை இலங்கைக் கடற்படை பிடித்துப் போய்விட்டது. படகும் போய்விட்டது. பி.ஏ. இரண்டாம் ஆண்டு படிக்கும் நான் ஒரு வருடம் நிறுத்திவிட்டு திருப்பூர் போகலாம் என்று இருக்கிறேன். மத்திய அரசின் கல்லூரி மாணவர் உதவித்தொகை வாங்குகிறேன். திரும்பி வந்தால் கிடைக்குமா?
– மாணவர், ராமேஸ்வரம்

தம்பி, உன் கடிதத்தை வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். கோபப்படாமல் கேள். அந்த உதவித்தொகையைப் புதுப்பிக்க 50 சதவீத மதிப்பெண்ணும் 75 சதவீத வருகையும் வேண்டும். ஒரு வருடம் போய்விட்டால் இரண்டும் போகும். திரும்பி வரும்போது பாடத்திட்டம் மாறியிருக்கலாம், உன்னோடு படித்தவர்கள் முடித்துப் போயிருப்பார்கள். திருப்பூர் போய்த் திரும்பி வந்து படித்தவர்களை நான் பார்த்தது மிகக் குறைவு.

மொத்த வேலை நாளில் நீ எத்தனை நாள் வராமல் இருக்கலாம் என்று அலுவலகத்தில் கேட்டு எழுதிக்கொள். அந்த நாட்களை மனு, வழக்கு என்று அப்பாவுக்காக அலையும் வேலைகளுக்கு மட்டும் வைத்துக்கொள். வருமானத்துக்கு மாலையும் விடுமுறையும்தான். ஐந்தாம் செமஸ்டருக்கு முன் இன்டர்ன்ஷிப் இருந்தால், ராமேஸ்வரத்திலேயே சம்பளம் தரும் விடுதி, சுற்றுலா அலுவலகம் ஒன்றில் செய்ய அனுமதி கேள். ஒரே வேலையில் கிரெடிட்டும் கூலியும் கிடைக்கும்.

அப்பா மீனவர் நல வாரியத்தில் உறுப்பினரா என்று அட்டையைப் பார். உறுப்பினரின் பிள்ளைகளுக்குக் கல்வி உதவி உண்டு. மீன்வளத் துறை அலுவலகத்துக்கு அட்டை, நீ அங்கே படிக்கிறாய் என்று கல்லூரி தரும் போனஃபைடு சான்று, வங்கிப் புத்தக நகலோடு அம்மாவையும் கூட்டிக்கொண்டு போ. கல்லூரி முதல்வரையும் நேரில் பார்த்து நடந்ததைச் சொல், கட்டணத்துக்குத் தவணை கேள். இரண்டையும் இந்த வாரமே செய். டி.சி. வாங்கும் படிவத்தை மட்டும் நிரப்பாதே.