வாசகர் கேள்வி – பதில்: பத்துப் பாட்டும் பிற்சேர்க்கையும்

கேள்வி: அயர்லாந்தைச் சேர்ந்த புளூஸ் கிட்டார் கலைஞர் ரோரி கேலகர் தம் பெயரையே தலைப்பாக வைத்து 1971இல் வெளியிட்ட முதல் தனி ஆல்பம், பழைய இசைத்தட்டாக என்னிடம் இருக்கிறது. அதில் பத்துப் பாடல்கள் உள்ளன. கூடுதல் பாடல்களுடன் வந்திருக்கும் மறுவெளியீட்டையும் வாங்கியாக வேண்டும் என்று கோவை நண்பர் வற்புறுத்துகிறார். பழைய சரக்குக்குப் புது உறை போட்டு விற்கிறார்களா?
— வாசகர், திருப்பூர்

பதில்: நீங்கள் எந்த மறுவெளியீட்டைக் கேட்கிறீர்கள் என்பதைப் பொறுத்துத்தான் விடை சொல்ல முடியும், ஏனெனில் இந்த ஆல்பம் ஒன்றுக்கு மேற்பட்ட முறை மறுபிறவி எடுத்திருக்கிறது. 1990களின் இறுதியில் வந்த குறுந்தகட்டில் மூலப் பத்துப் பாடல்களுக்குப் பின் இரண்டே இரண்டு சேர்க்கப்பட்டன. 2021இல் ஐம்பதாம் ஆண்டை முன்னிட்டு வந்த பெரிய பெட்டியிலோ நான்கு குறுந்தகடுகளும் ஒரு டிவிடியும் இருக்கின்றன. அதுவரை வெளிவராத 30 மாற்றுப் பதிவுகள் (ஆல்பத்தின் பாட்டுகளையே வேறு முறை வாசித்துப் பதிந்தவை), பிபிசி வானொலிக்காக 1971இல் வாசித்தவை, பாரிஸ் கச்சேரியின் படம் என்று அது நீள்கிறது.

அந்த இரண்டு பாடல்களுக்காகவே சிறிய பதிப்பை வாங்கலாம் என்பது என் கருத்து. மூல ஆல்பத்தின் பத்தும் கேலகரே எழுதியவை. பின்னால் சேர்ந்த ‘ஜிப்சி வுமன்’ மடி வாட்டர்ஸுடையது, ‘இட் டேக்ஸ் டைம்’ ஓடிஸ் ரஷ்ஷுடையது. இருவரும் அமெரிக்கக் கறுப்பின மக்களின் இசையான புளூஸின் சிகாகோ பாணிக்குத் தூண்கள். 1970 இறுதியில் ‘டேஸ்ட்’ என்ற தம் குழு உடைந்த பிறகு, பெல்ஃபாஸ்டிலிருந்து வந்த ஜெரி மெக்அவாயைப் பேஸ் கிட்டாருக்கும் வில்கர் கேம்பெலை டிரம்ஸுக்கும் வைத்துக்கொண்டு லண்டன் ஒலிப்பதிவுக் கூடத்துக்குள் நுழைந்த 22 வயது இளைஞர், தம் சொந்தச் சரக்கை மட்டும் உலகின் முன் வைத்தார். பாடம் சொன்னவர்களின் பாட்டை அதே நாட்களில் அவர் எப்படி வாசித்தார் என்பதை இந்தப் பிற்சேர்க்கைதான் காட்டுகிறது. அதைக் கேட்டுவிட்டு முதல் பாட்டான ‘லாண்ட்ரோமேட்’டுக்குத் திரும்பினால், அதன் தாளத்தில் எவ்வளவு சிகாகோவிலிருந்து வந்தது, எவ்வளவு அவருடையது என்று பிரித்துக் கேட்க முடிகிறது. (லண்டன் ஏர்ல்ஸ் கோர்ட்டில் அவர் குடியிருந்த கட்டடத்தின் கீழ்த்தளத்தில் இருந்த சலவைக் கடையே அந்தப் பாட்டுக்கு வித்து. சலவைப் பட்டறைகளுக்கு நடுவே வாழும் திருப்பூர்க்காரருக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை.)

ஆனால் அந்த இரண்டையும் முதல் பத்தோடு ஒரே மூச்சில் ஓட விடாதீர்கள். ஏழு நிமிடத்துக்கு மேல் ஓடும் ‘காண்ட் பிலீவ் இட்ஸ் ட்ரூ’வில் கேலகர் கிட்டாருடன் சாக்ஸபோனையும் தாமே வாசித்து ஆல்பத்தை முடிக்கிறார். அது முடிவாகவே அமைக்கப்பட்ட பாட்டு. அதன் பின் உடனே இன்னொன்று தொடங்குவது, பந்தி முடிந்து இலையை மடித்த பிறகு மறுபடி சோறு போடுவதைப் போன்றது.

கேள்வி: ஒரே பாட்டை நான்கைந்து முறை கேட்பதில் என்ன இருக்கிறது? பெரிய பெட்டி யாருக்காக?
— வாசகர், காங்கேயம்

பதில்: காங்கேயத்திலிருந்து இந்தக் கேள்வி வந்ததில் எனக்கு வியப்புத்தான். உங்கள் ஊருக்குப் பக்கத்து ஓலப்பாளையத்தில்தான் 1965இல் மானிடவியலாளர் பிரெண்டா பெக், உடுக்கையடித்துப் பாடப்பட்ட அண்ணமார் கதையை இரவு இரவாக ஒலிநாடாவில் பதிவு செய்தார். அதே பாடகர் பின்னர் எழுதிக்கொள்வதற்காகச் சொன்ன வடிவமும் ஊரார் முன் பாடிய வடிவமும் ஒன்றாக இல்லை. பொன்னரும் சங்கரும் மாறவில்லை; எங்கே நீட்டுவது, எங்கே சுருக்குவது என்பதுதான் மாறியது. மாற்றுப் பதிவுகளில் கேட்க வேண்டியதும் அதைத்தான். புளூஸில் பாட்டின் எலும்புக்கூடு பெரும்பாலும் பன்னிரண்டு தாளச் சுற்றுகளுக்குள் (‘பார்’) அடங்கிவிடும். கலைஞனின் தீர்மானங்கள் எல்லாம் இடைவெளிகளில்தான் நிகழ்கின்றன.

ஆகவே கிட்டார் பயில்பவருக்கு அந்தப் பெட்டி ஒரு பள்ளிக்கூடம். கேட்டு மகிழ மட்டும் விரும்புகிறவருக்கு அது வேண்டாத செலவு. ஒரு எச்சரிக்கையும் உண்டு: 2021 பதிப்புக்காக மூலப் பாடல்களையே, குரலும் கருவிகளும் ஒலிக்கும் அளவுகளை மாற்றி, புதிதாகக் கலவை செய்திருக்கிறார்கள். திருப்பூர் வாசகரிடம் இருக்கும் இசைத்தட்டின் சமநிலை 1971க்கு உரியது. புதியது துலக்கமாக இருக்கிறது என்பதற்காகப் பழையதைப் பழைய இரும்புக்குப் போட்டுவிட வேண்டாம்.

கேள்வி: கேலகருடைய கிட்டாரின் வண்ணம் அப்படி உரிந்து கிடப்பது அலங்காரத்துக்காகச் செய்ததா?
— கல்லூரி மாணவர், பொள்ளாச்சி

பதில்: இல்லை. 1961இல் தயாரான அந்த ஃபெண்டர் ஸ்ட்ராடோகாஸ்டர் மின்கிட்டாரை 1963இல், 15 வயதில், கார்க் நகரக் கடையொன்றில் 100 பவுண்டுக்குத் தவணையில் வாங்கினார். ஒருமுறை திருடு போய், மழையில் நனைந்த நிலையில் அது மீட்கப்பட்டது. மீதி வேலையை அவருடைய வியர்வையும் ஓயாத கச்சேரிகளும் செய்தன. 1995இல், 47 வயதில் அவர் மறைந்தார். 2024இல் ஏலத்தில் 8 லட்சம் பவுண்டுக்கு மேல் போன அந்தக் கிட்டார், அயர்லாந்து தேசிய அருங்காட்சியகத்துக்குக் கொடையாக வழங்கப்பட்டது. உங்கள் கிட்டாரின் வண்ணத்தை உப்புத்தாள் போட்டுத் தேய்க்க எண்ணியிருந்தால், அதற்குப் பதிலாக ‘சின்னர் பாய்’ பாட்டில் விரலில் மாட்டிய குழலைத் தந்திகளின் மேல் வழுக்கவிட்டு அவர் வாசிப்பதைக் கேளுங்கள். கோட்டு வாத்தியம் கேட்டுப் பழகிய காதாக இருந்தால் சுலபமாகப் பிடிபடும்.