பொருளாதாரத்துடன் கணிதத்தையும் சேர்த்து டபுள் மேஜர் செய்யலாமா?

கேட்டிருப்பவர் அமெரிக்காவில் ஓர் அரசுப் பல்கலைக்கழகத்தில் முதல் வருடம் முடிக்கப்போகிறார். எஃப்-1 விசா, அதாவது மாணவர் விசா. மேஜர், அதாவது முதன்மைப் பாடம், பொருளாதாரம். கணிதத்தையும் இரண்டாவது மேஜராக எடுத்தால் பிஎச்டிக்கும் வேலைக்கும் உதவுமா, நான்கு வருடத்தில் முடிக்க முடியுமா என்று கேட்கிறார். நான் அங்கே இதே இரண்டையும் சேர்த்துப் படித்தவன்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். டபுள் மேஜர் என்றால் ஒரே பட்டத்துக்குள் இரண்டு மேஜர். டூயல் டிகிரி என்பது இரண்டு தனித்தனிப் பட்டங்கள். அதற்குப் பெரும்பாலான இடங்களில் வழக்கமான 120 கிரெடிட்டுக்கு (பாடங்களுக்குத் தரும் புள்ளிகள்) மேல் இன்னும் 30 கேட்பார்கள். உங்கள் கேள்வி முதல் வகையைப் பற்றியது, அதனால் டூயல் டிகிரியை விட்டுவிடலாம்.

நான்கு வருடத்தில் முடியுமா என்பதைக் கிரெடிட்டை மட்டும் கூட்டிப் பார்த்துச் சொல்ல முடியாது. கணிதத்தில் ஒரு பாடத்தை முடித்தால்தான் அடுத்ததில் உட்கார விடுவார்கள். கால்குலஸ் வரிசை, லீனியர் அல்ஜீப்ரா, பிறகு நிறுவல் (proof) எழுதப் பழக்கும் ஒரு பாடம், அதற்கும் பிறகே ரியல் அனாலிசிஸும் (கால்குலஸின் அடிப்படைகளை நிறுவிக் காட்டும் பாடம்) அப்ஸ்ட்ராக்ட் அல்ஜீப்ராவும். சில மேல்நிலைப் பாடங்களை வருடத்தில் ஒரு செமஸ்டரில் மட்டுமே நடத்துவார்கள். அதைத் தவறவிட்டால் ஒரு வருடம் தள்ளிப்போகும். எனவே மீதமுள்ள ஆறு செமஸ்டரையும் ஒரு தாளில் கட்டம் போட்டு, கடைசிப் பாடத்திலிருந்து பின்னோக்கி நிரப்பிப் பாருங்கள். இரண்டு மேஜருக்கும் பொதுவாக எத்தனை பாடங்களைக் கணக்கில் வைக்கலாம் என்பது ஒவ்வொரு பல்கலைக்கழகத்திலும் வேறு. அதை அட்வைஸரிடம் கேளுங்கள். ஒரு செமஸ்டர் கூடினால் வெளிநாட்டு மாணவருக்கான கட்டணம், ஐ-20 (மாணவர் விசாவுக்குப் பல்கலைக்கழகம் தரும் ஆவணம்) நீட்டிப்பு என்று எல்லாம் சேர்ந்து வரும். வீட்டில் கல்விக் கடன் வாங்கியிருந்தால் அது சின்ன விஷயமே இல்லை.

சரி, பிஎச்டிக்கு வருவோம். பொருளாதாரத் துறைகள் விண்ணப்பத்தில் தேடுவது ரியல் அனாலிசிஸ் மதிப்பெண்ணை. பிஎச்டியின் முதல் வருட மைக்ரோ (நுண்பொருளியல்) முழுக்க நிறுவல்கள்தான். விளையாட்டுக் கோட்பாட்டில் ஜான் நாஷ் 1950இல் தன் பெயரால் வழங்கும் சமநிலை இருப்பதை நிறுவியதே ககுதானியின் நிலைப்புள்ளித் தேற்றத்தை வைத்துத்தான். இறுக்கமான கணம், தொடர்ச்சி, குவிவுக் கணம் எல்லாம் கையில் இல்லாமல் அந்த வகுப்பில் தாக்குப்பிடிப்பது கஷ்டம். ப்ளஸ் டூவில் தொகையிடலை வேகமாகப் போட்டவர்களுக்கும் அனாலிசிஸ் புது உலகம். அங்கே விடை முன்பே தெரியும், ஏன் உண்மை என்பதைத்தான் எழுத வேண்டும். ஒரே கணக்கோடு ஒரு முழு மாலை உட்கார்ந்திருப்பேன். அந்த மாலைகள் எனக்கு மிகவும் பிடித்திருந்தன, அதனால்தான் கணித மேஜரைத் தொடர்ந்தேன்.

ஆனால் இதைக் கவனியுங்கள். அனாலிசிஸ், லீனியர் அல்ஜீப்ரா, நிகழ்தகவு ஆகிய மூன்றையும் கணித மைனரோடோ (குறைந்த பாடங்கள் கொண்ட துணைப் பாடம்), வெறும் எலெக்டிவாகவோகூட (விருப்பப் பாடம்) எடுத்துவிடலாம். டிரான்ஸ்கிரிப்டை (மதிப்பெண் பட்டியல்) படிக்கும் பேராசிரியருக்கு அதில் உள்ள பாடங்கள்தான் முக்கியம். முழு மேஜராக்கும்போது மேலும் நான்கைந்து பாடங்கள் வரும். முதுநிலை எகனோமெட்ரிக்ஸ் (பொருளாதாரத் தரவுக்கான புள்ளியியல்), ஆய்வேடு, ஒரு பேராசிரியரிடம் ஆய்வு உதவியாளர் வேலை ஆகியவற்றுக்கான நேரத்தை அவை எடுத்துக்கொள்ளும். என்னோடு அறையில் இருந்த நண்பர் அனாலிசிஸை முடித்ததும் கணிதத்தை மைனராகக் குறைத்துக்கொண்டு, அந்த நேரத்தில் ஒரு பேராசிரியருக்குத் தரவு வேலை செய்தார். பின்னர் அவருக்குக் கிடைத்த பரிந்துரைக் கடிதம் எந்த மேஜரும் தந்திருக்க முடியாத ஒன்று. நான் அந்த இடத்தில் அப்ஸ்ட்ராக்ட் அல்ஜீப்ரா படித்தேன். பொருளாதாரத்தில் அது எனக்கு எங்கும் தேவைப்படவில்லை. ஆனாலும் கல்லூரியில் நான் படித்ததிலேயே அழகான பாடம் அதுதான்.

ஆக, பெயருக்குப் பக்கத்தில் இன்னொரு மேஜர் நின்றால் நன்றாக இருக்கும் என்பதற்காக மட்டும் என்றால் வேண்டாம் என்றே சொல்வேன். அந்தக் கூடுதல் பாடங்களைச் சான்றிதழில் வராவிட்டாலும் படிப்பேன் என்றால் தயங்காமல் எடுங்கள்.

வேலை விஷயத்தில் எஃப்-1 மாணவர் பார்க்க வேண்டியது ஒன்று உண்டு. உங்கள் துறை பொருளாதாரத்தை எந்த சிஐபி குறியீட்டில் (பாடத்துறைகளுக்கு அமெரிக்க அரசு வைத்திருக்கும் எண்) பதிந்திருக்கிறது? எகனோமெட்ரிக்ஸ் சார்ந்த 45.0603 என்றால் அது ஸ்டெம் (அறிவியல், தொழில்நுட்பம், பொறியியல், கணிதம்) பட்டியலில் இருக்கிறது. 12 மாத ஓபிடிக்கு (மாணவர் விசாவிலேயே துறை சார்ந்த வேலை செய்யும் அனுமதி) பிறகு 24 மாத நீட்டிப்பு கேட்கலாம். பொதுப் பொருளாதாரமான 45.0601 என்றால் அந்த வாய்ப்பு இல்லை. அப்போது கணித மேஜருக்கு உண்மையான மதிப்பு கூடுகிறது, ஏனென்றால் கணிதம் ஸ்டெம். ஆனால் நீட்டிப்புக்குக் காட்டும் வேலை கணிதத்தோடு நேரடித் தொடர்புள்ளதாக இருக்க வேண்டும். இரண்டு மேஜர் என்பதால் இரண்டு ஓபிடியும் கிடைக்காது. குறியீடு ஐ-20யிலேயே மேஜருக்குப் பக்கத்தில் இருக்கும், இன்றே எடுத்துப் பாருங்கள். உங்களுடையது 45.0603 என்றால், விசாவுக்காகக் கணித மேஜர் எடுக்கும் தேவையே இல்லை.

இப்போதே படிவத்தில் கையெழுத்துப் போட வேண்டியதில்லை. அடுத்த செமஸ்டரில் இடைநிலை மைக்ரோவோடு அந்த நிறுவல் பாடத்தை எடுங்கள். மேஜர், மைனர், வெறும் எலெக்டிவ் என எந்த வழியில் போனாலும் அனாலிசிஸுக்கு அது தேவைப்படும். அது முடிந்தபின் வசந்த செமஸ்டரில் அறிவித்தாலும் பெரும்பாலான இடங்களில் தாமதமாகாது. உங்கள் கல்லூரியில் கடைசி நாள் எது என்பதை மட்டும் முன்பே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.