பி.எஸ்.ஏ. 6.8 என்று வந்தால் புற்றுநோய்தானா?

கேள்வி: எனக்கு 61 வயது. மணவாளக்குறிச்சி பக்கம் ஊர். ராத்திரி மூன்று நான்கு தடவை மூத்திரம் போக எழும்ப வேண்டியிருக்கிறது. போன மாதம் நாகர்கோவிலில் ரத்தம் கொடுத்துப் பார்த்ததில் பி.எஸ்.ஏ. 6.8 என்று வந்தது. என் அண்ணன் புராஸ்டேட் புற்றுநோய் எலும்பில் பரவி இறந்தவர். எனக்கு பயாப்ஸி, அதாவது ஊசியால் கொஞ்சம் சதை எடுத்துச் சோதிப்பது, வேண்டிவரலாம் என்று டாக்டர் சொல்கிறார். ஊசி குத்தினால் பரவிவிடும் என்று சொந்தக்காரர்கள் தடுக்கிறார்கள். எங்கள் ஊர் கரிமணல்தான் இதற்கெல்லாம் காரணமா?

பதில்: அண்ணாச்சி, அந்த 6.8-ஐ முதலில் பார்த்துவிடுவோம். பி.எஸ்.ஏ. என்பது புராஸ்டேட் சுரப்பி விந்துவுக்காகச் சுரக்கிற ஒரு புரதம். அதில் கொஞ்சம் ரத்தத்தில் கசியும். புற்றுநோய் வந்தாலும் கசிவு கூடும். வயதினால் சுரப்பி வீங்கினாலும், மூத்திரத்தில் கிருமி இருந்தாலும், மூத்திரம் போக டியூப் போட்டிருந்தாலும் கூடும். பரிசோதனைக்கு இரண்டு நாள் முன்பு தாம்பத்தியம் இருந்திருந்தால்கூட அளவு சற்று ஏறித் தெரியலாம். 4 முதல் 10 வரை வருகிறவர்களில் சுமார் நாலில் ஒருவருக்குத்தான் பயாப்ஸியில் புற்றுநோய் தெரிகிறது. அதே நேரம் 4-க்குக் கீழே இருந்தால் கவலையே இல்லை என்றும் சொல்ல முடியாது. அமெரிக்காவில் 2004-ல் வெளியான ஓர் ஆய்வில், 4 வரை இருந்தவர்களுக்கும் பயாப்ஸி எடுத்துப் பார்த்தார்கள். 15 சதவீதம் பேருக்குப் புற்றுநோய் இருந்தது. அதனால் ஒரே ஒரு எண்ணை வைத்து யாரும் உங்களுக்கு முடிவு சொல்லிவிட முடியாது.

மூத்திரத் தொல்லைக்கும் அண்ணனுக்கு வந்த நோய்க்கும் நீங்கள் முடிச்சுப் போடுகிறீர்கள். இங்கே ஒன்றைப் புரிந்துகொண்டால் பாதி பயம் போய்விடும். புராஸ்டேட் ஒரு ஜாதிக்காய் அளவு இருக்கும். மூத்திரக் குழாய் அதன் நடுவே புகுந்து போகிறது. வயதானால் வரும் சாதாரண வீக்கம் அந்தக் குழாயை ஒட்டிய உள்பகுதியில் வருவது. குழாயை நெருக்குவதால் ராத்திரி எழும்புவது, சொட்டுச் சொட்டாகப் போவது எல்லாம் வரும். புற்றுநோயோ பெரும்பாலும் வெளிப்புற ஓரத்தில், மலக்குடலை ஒட்டிய பக்கத்தில் ஆரம்பிக்கிறது. அங்கே அது எத்தனையோ வருஷம் ஒரு தொந்தரவும் தராமல் கிடக்கும். உங்கள் அண்ணன் எலும்பு வலி வந்த பிறகுதான் ஆஸ்பத்திரிக்குப் போயிருப்பார் என்று நினைக்கிறேன். நம் மாவட்டத்தில் அப்படி வருகிறவர்களை இன்றும் நிறையப் பார்க்கிறோம், மனசு கஷ்டப்படும். ஆக, மூத்திரத் தொல்லை இருப்பதால் புற்றுநோய் என்றும் இல்லை. அது மாத்திரையில் சரியாகிவிட்டதால் புற்றுநோய் இல்லை என்றும் இல்லை. இன்னொன்று: வீக்கத்துக்குக் கொடுக்கும் ஃபினாஸ்டெரைடு, டுடாஸ்டெரைடு மாத்திரைகள் ஆறு மாதத்தில் பி.எஸ்.ஏ. அளவைப் பாதியாகக் குறைத்துவிடும். அவற்றில் எதையாவது சாப்பிட்டு வந்தால் டாக்டரிடம் மறக்காமல் சொல்லுங்கள். அப்படியென்றால் உங்கள் 6.8-ஐ இரட்டிப்பாக்கி, ஏறக்குறைய 13.6 என்றுதான் அவர் எடுத்துக்கொள்வார்.

இந்த நோய் எப்படி உண்டாகிறது என்பதில் சில விஷயங்கள் உறுதியாகத் தெரியும். ஆண் ஹார்மோன்தான் இதற்குத் தீனி என்பதை சார்லஸ் ஹக்கின்ஸ் 1941-லேயே காட்டினார். 1966-ல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. 2005-ல் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் அருள் சின்னையன் குழுவினர், இரண்டு மரபணுக்கள் உடைந்து ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்வதைப் புராஸ்டேட் புற்றுநோயில் கண்டுபிடித்தார்கள். ஹார்மோனுக்குக் கட்டுப்பட்ட ஒரு மரபணு, செல் வளர்ச்சியைத் தூண்டும் இன்னொன்றோடு சேர்ந்துவிடுகிறது; அப்புறம் ஹார்மோன் சுரக்கச் சுரக்க வளர்ச்சியும் தூண்டப்படுகிறது. இவை பெரும்பாலும் வாழ்நாளில் உண்டாகும் மாற்றங்கள். பரம்பரையாக வருவதும் உண்டு. கூடப் பிறந்தவருக்கு இருந்தால் உங்களுக்கு வாய்ப்பு இரண்டு மடங்குக்கும் மேல். அம்மா, அக்கா, தங்கை யாருக்காவது மார்பகத்திலோ சினைப்பையிலோ புற்றுநோய் வந்திருந்தால் அதையும் சொல்லுங்கள், பி.ஆர்.சி.ஏ.-2 என்ற ஒரே மரபணுக் கோளாறு இந்த மூன்றுக்கும் காரணமாக இருக்கலாம்.

கரிமணல் பற்றி: நம் கடற்கரை மணலில் உள்ள மோனசைட் என்ற தாதுவில், கதிர்வீச்சு வெளியிடும் தோரியம் இருப்பது உண்மை. இதே மாதிரி மணல் உள்ள கொல்லம் மாவட்டத்துக் கருநாகப்பள்ளியில் திருவனந்தபுரம் மண்டலப் புற்றுநோய் மையம் மக்களைப் பல வருஷம் தொடர்ந்து கவனித்தது. கதிர்வீச்சு கூடுதலாக உள்ள இடத்தில் புற்றுநோய் கூடுதல் என்று 2009-ல் வந்த முடிவு காட்டவில்லை. அதனால் ஊர் மணலை நினைத்து நீங்கள் தூக்கம் கெட வேண்டாம். சத்து மாத்திரைகளும் வேண்டாம். வைட்டமின் ஈ சாப்பிட்டவர்களுக்கு இந்த நோய் 17 சதவீதம் அதிகமாக வந்ததை 35,000-க்கும் மேற்பட்டவர்களிடம் நடந்த ஆய்வு 2011-ல் காட்டியது.

இப்போது செய்ய வேண்டியது. மூத்திரத்தில் கிருமி இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அதை முழுதாகக் குணப்படுத்திச் சில வாரம் கழித்து, இல்லையென்றால் சீக்கிரமே, பி.எஸ்.ஏ.வை மறுபடி எடுங்கள். யூராலஜி டாக்டர் மலக்குடல் வழியாக விரல் வைத்துப் பார்ப்பார், வெட்கப்பட்டு மறுக்காதீர்கள். எண் இறங்கவில்லை என்றால் ஊசிக்கு முன்னால் எம்.ஆர்.ஐ. ஸ்கேன் எடுக்க முடியுமா என்று கேளுங்கள். 2018-ல் வந்த ஓர் ஆய்வில், ஸ்கேன் பார்த்துச் சந்தேகமான இடத்தில் மட்டும் ஊசி போட்டபோது ஆபத்தான புற்றுநோய் 38 சதவீதம் பேரிடமும், பழைய முறையில் 26 சதவீதம் பேரிடமும் பிடிபட்டது. ஸ்கேன் சுத்தமாக இருந்த பலருக்கு ஊசியே தேவைப்படவில்லை. ஆனால் அண்ணனுக்கு இருந்ததால், ஸ்கேன் சுத்தம் என்று வந்தாலும் உங்கள் டாக்டர் பயாப்ஸி வேண்டும் என்றால் நான் அவர் பக்கம்தான். ஊசி வழியாகப் பரவுவது மிக மிக அரிது. நிஜமான கவலை கிருமித் தொற்று. பயாப்ஸிக்குப் பிறகு குளிர்காய்ச்சல் வந்தால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போய்விட வேண்டும்.

ஒருவேளை புற்றுநோய் என்றே வந்தாலும் உடனே அறுவை சிகிச்சை என்று இல்லை. பிரிட்டனில் சுரப்பிக்குள்ளேயே நின்ற நோயுள்ள 1,643 பேரை 15 வருஷம் கவனித்தார்கள். அறுவை சிகிச்சை, கதிர்வீச்சு, உடனே சிகிச்சை தராமல் அடிக்கடி சோதித்துவரும் கண்காணிப்பு என எந்தப் பிரிவில் இருந்தாலும் சுமார் 97 சதவீதம் பேர் இந்த நோயால் சாகவில்லை. தீவிரம் குறைந்த வகைக்குக் கண்காணிப்பே நல்ல வழி. அதற்கு வேண்டியதெல்லாம், ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரியோ திருவனந்தபுரமோ, ஒரே இடத்தில் விடாமல் காட்டிவருவது. ரிப்போர்ட்டுகளைத் தேதிவாரியாக ஒரு கவரில் வைத்திருங்கள், பி.எஸ்.ஏ. ஏறுகிற வேகத்தைப் பழைய தாள்கள்தான் காட்டும்.

உங்கள் பையன்களுக்கும் அண்ணன் பையன்களுக்கும் 45 வயதானதும் டாக்டரிடம் பேசி பி.எஸ்.ஏ. பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள். அண்ணன் நோயைப் பற்றி அவர்களிடம் மறைக்க வேண்டாம்.